ஒரே தாளில் மூன்று பந்தயங்கள்: லெ மான் முடிவுப் பட்டியலைப் படிப்பது எப்படி?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி மூன்றாம் இடம் பெற்றது என்ற செய்தி தமிழ்நாட்டில் பெரிதாகக் கொண்டாடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பந்தயத்தின் முழு முடிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தவர்கள், முதல் மூன்று வரிகளில் அந்த அணியின் பெயர் இல்லாததைக் கண்டு திகைத்திருப்பார்கள். செய்தியில் பிழை இல்லை, பட்டியலிலும் பிழை இல்லை. அந்த அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. பட்டியலோ எல்லாப் பிரிவுகளின் கார்களையும் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தியிருந்தது. பல பிரிவுகள் கலந்து ஓடும் நெடுநேரப் பந்தயங்களின் முடிவைப் படிப்பதில் புதியவர்களுக்கு ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த வகைப் பந்தயங்களில் மிகப் பழையதும் மிகப் புகழ்பெற்றதும் பிரான்சில் 1923இல் தொடங்கிய லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அதன் நூற்றாண்டு ஆண்டான 2023இன் முடிவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு படித்தால், இதில் கற்க வேண்டியவை ஏறக்குறைய அனைத்தும் அதிலேயே கிடைத்துவிடும்.

அந்த ஆண்டு 62 கார்கள் புறப்பட்டன. அவற்றில் 16 கார்கள் ஹைப்பர்கார் என்னும் உச்சப் பிரிவைச் சேர்ந்தவை. ஃபெராரி, டொயோட்டா, போர்ஷே, கெடிலாக், பெஜோ போன்ற நிறுவனங்கள் பந்தயத்துக்காகவே வடிவமைத்தவை. அடுத்த 24 கார்கள் எல்எம்பி2 பிரிவு. இவையும் பந்தயத்துக்கென்றே உருவானவைதான், ஆனால் செலவு கட்டுக்குள் இருப்பதற்காக எல்லா அணிகளும் ஒரே ஒரேகா 07 உடற்கட்டையும் ஒரே கிப்ஸன் எஞ்சினையும் கொண்டு ஓடின. மூன்றாவதாக 21 கார்கள் ஜிடிஇ ஆம் பிரிவு (‘ஆம்’ என்பது அமெச்சூர் என்பதன் சுருக்கம்). சாலையில் விற்கப்படும் கொர்வெட், போர்ஷே 911, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற கார்களைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தவை இவை. மீதமுள்ள ஒரு கார் எந்தப் பிரிவிலும் சேராதது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம். அந்த ஆண்டு தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் காரின் எண் பலகையின் நிறத்தைக் கொண்டே பிரிவை அறிய முடிந்தது: ஹைப்பர்காருக்குச் சிவப்பு, எல்எம்பி2க்கு நீலம், ஜிடிஇ ஆமுக்கு ஆரஞ்சு.

இவை அனைத்தும் 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் ஹைப்பர்காரின் மிகச் சிறந்த நேரம் ஏறத்தாழ 3 நிமிடம் 23 நொடி. ஜிடிஇ ஆம் காரின் மிகச் சிறந்த நேரம் ஏறத்தாழ 3 நிமிடம் 52 நொடி. ஒரு சுற்றுக்கே அரை நிமிட வேறுபாடு இருக்கும்போது, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் பொருளில்லை. பத்தாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்களையும் கலந்து ஒரே பலகையில் தரவரிசை போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்தப் பட்டியலின் ஒட்டுமொத்த வரிசையும் இருக்கிறது. ஆகவே பட்டியலைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இடத்தைக் காட்டும் எண்ணை அல்ல, பிரிவைக் காட்டும் கட்டத்தை.

முதல் வரி: கார் எண் 51, ஃபெராரி 499பி, ஏஎஃப் கோர்ஸே அணி, ஓட்டுநர்கள் அலெஸான்ட்ரோ பியர் குயிடி, ஜேம்ஸ் கலாடோ, அன்டோனியோ ஜொவினாட்ஸி, 342 சுற்றுகள். 1965க்குப் பிறகு ஃபெராரிக்குக் கிடைத்த முதல் ஒட்டுமொத்த வெற்றி இது. ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள் இங்கே மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தூரம் முன்கூட்டியே முடிவாகிவிடும், அதை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்பதே போட்டி. இங்கே நேரம்தான் முடிவானது. 24 மணி நேரத்துக்குள் யார் அதிக தூரம் ஓடுகிறார்களோ அவர்களே வெற்றியாளர்கள். அதனால் சுற்றுகளின் எண்ணிக்கையே இந்தப் பட்டியலின் உயிர்நாடி. 342 சுற்று என்றால் 4,660 கிலோமீட்டர்.

இரண்டாம் வரியில் டொயோட்டாவின் 8ஆம் எண் கார் இருக்கிறது. அதுவும் 342 சுற்றுகளை முடித்ததால், இடைவெளிக் கட்டத்தில் 1 நிமிடம் 21.793 நொடி என்று நேரம் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் வரியில் உள்ள கெடிலாக் முடித்தது 341 சுற்றுகள், எனவே அங்கே நேரம் இல்லை. ‘1 சுற்று’ என்று மட்டும் இருக்கும். இந்த ‘1 சுற்று’ சற்று ஏமாற்றக்கூடியது. வெற்றியாளர் கொடியைக் கடக்கும் தருணத்தில் அந்தக் கார் தன் 341ஆம் சுற்றில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு அதை முடித்துக் கோட்டுக்கு வருகிறது. அதாவது அது உண்மையில் பின்தங்கியிருப்பது ஒரு சுற்றுக்கு மேல், இரண்டு சுற்றுக்குள் ஏதோ ஒரு தூரம். இரண்டு கார்களுக்கு நேராகவும் ‘1 சுற்று’ என்றே எழுதியிருந்தாலும், அவற்றுக்கு இடையே மூன்று நிமிட ஓட்டம் வரை வேறுபாடு இருக்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளி எப்படி உண்டானது என்பதையும் பட்டியல் சொல்லாது. பந்தயம் முடிய இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது, முன்னால் ஓடிய ஃபெராரியைத் துரத்திக்கொண்டிருந்த டொயோட்டாவின் ரியோ ஹிரகாவா, ஆர்னாஜ் என்ற வளைவில் கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதினார். சேதத்தைச் சரிசெய்ய ஆன நேரமும் சேர்ந்ததுதான் அந்த 81 நொடி. ஃபெராரியும் சிக்கலின்றி வந்துவிடவில்லை. எரிபொருள் நிரப்பவும் பழுதுபார்க்கவும் கார்கள் வந்து நிற்கும் பிட் என்னும் இடத்தில், கடைசி நிறுத்தத்தின்போது கார் உடனே கிளம்ப மறுத்து, மின்னமைப்பை அணைத்து மீண்டும் இயக்க வேண்டிவந்தது. இடைவெளியை வேக வேறுபாடு என்று மட்டும் எடுத்துக்கொள்பவர் இந்தக் கதை முழுவதையும் தவறவிடுவார்.

ஐந்தாம் வரி இன்னும் தெளிவான சான்று. அதுவும் ஃபெராரிதான், எண் 50. தகுதிச் சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓடி முதல் இடத்திலிருந்து புறப்பட்ட கார். ஆனால் அதன் கணக்கில் இருப்பது 337 சுற்றுகள், தன் சகோதரக் காரை விட ஐந்து குறைவு. இரவில் குளிரூட்டும் அமைப்பில் ஏற்பட்ட கசிவைச் சரிசெய்ய அது பிட்டுக்குள் நிற்க வேண்டியிருந்தது. இத்தகைய பந்தயத்தில் ஒரே வகையான இரண்டு கார்களுக்கு இடையே சில சுற்று வேறுபாடு தெரிந்தால், ஓட்டுநரின் திறமையைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தக் கார் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்பதே முறை.

இப்போது ஒன்பதாம் வரிக்கு வருவோம். முதல் எட்டு இடங்களிலும் ஹைப்பர்கார்கள். ஒன்பதாவதாக 328 சுற்றுகளுடன் இண்டர் யூரோபோல் அணியின் 34ஆம் எண் கார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது முதல் காரை விட 14 சுற்று, அதாவது ஏறத்தாழ 190 கிலோமீட்டர், பின்தங்கிய ஒரு கார். ஆனால் பிரிவுக் கட்டத்தில் எல்எம்பி2 என்றும், பிரிவு இடத்தில் 1 என்றும் இருக்கிறது, இவர்களும் வெற்றியாளர்கள்தான். ஃபெராரிக்கும் இவர்களுக்கும் இடையே போட்டி என்ற ஒன்றே நடக்கவில்லை. இவர்களுடைய உண்மையான போட்டியாளர் அடுத்த வரியில் இருக்கிறார்: அதே 328 சுற்றுகளை முடித்த டபிள்யூஆர்டி அணியின் 41ஆம் எண் கார். 24 மணி நேர ஓட்டத்தின் முடிவில் இரண்டுக்கும் இடையே இருந்தது சுமார் 21 நொடிதான். ஒட்டுமொத்த வெற்றிக்கான போட்டியை விடவும் நெருக்கமான போட்டி, பட்டியலின் நடுவில், யாரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் இடத்தில் மறைந்திருக்கிறது. அந்த 34ஆம் எண் காரின் ஓட்டுநர்களில் ஒருவரான ஃபாபியோ ஷேரர், பந்தயத்தின் தொடக்கத்தில் பிட்டில் ஓட்டுநர் மாறும்போது தன் பாதத்தின் மீது வேறொரு கார் ஏறிவிட, அந்தக் காயத்தோடுதான் மீதிப் பந்தயத்தையும் ஓட்டினார்.

ஒட்டுமொத்த வரிசையில் உள்ள எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் படிப்பவருக்கு ஏற்படும் இழப்பு இதுதான். பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரை பட்டியலிலேயே மிகக் குறைவான செய்தியைத் தருவது அந்த எண்தான் என்பது என் கருத்து. அது உச்சப் பிரிவுக் கார்களுக்கு மட்டும் முழுப் பொருள் தரும். 2012இல் சென்னைக்காரரான கருண் சந்தோக் இருந்த ஜேஆர்எம் அணியின் கார் லெ மானில் ஆறாவதாக வந்தது. அது அன்றைய உச்சப் பிரிவான எல்எம்பி1ஐச் சேர்ந்தது, அதற்கு முன்னால் வந்தவையும் அதே பிரிவுக் கார்களே என்பதால், அங்கே ஒட்டுமொத்த இடமும் பிரிவு இடமும் ஒன்றாகவே அமைந்தன.

மீண்டும் 2023க்கு. ஜிடிஇ ஆம் பிரிவில் வென்றது 33ஆம் எண் கொர்வெட், 313 சுற்றுகள். முதல் ஃபெராரியை விட 29 சுற்று குறைவு என்றால், அந்த ஃபெராரி இந்தக் கொர்வெட்டை ஏறத்தாழ 29 முறை முந்திச் சென்றிருக்கிறது என்று பொருள். தகுதிச் சுற்று நேரங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை, மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை முந்தியிருக்க வேண்டும். மழையும், விபத்து போன்ற ஆபத்து நேரங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தடத்தில் இறங்கும் சேஃப்டி காருக்குப் பின்னால் எல்லோரும் மெதுவாகச் செல்லும் நேரங்களும், தடத்தில் உள்ள நெரிசலும் அந்த வேறுபாட்டைச் சுருக்கிவிடுகின்றன.

இந்தக் கொர்வெட்டின் வெற்றியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தயத்தின் தொடக்கத்திலேயே அதிர்வுத் தாங்கியில் கோளாறு ஏற்பட்டு, தன் பிரிவின் முதல் காரை விட இரண்டு சுற்று பின்தங்கிய அது, இறுதியில் இரண்டாம் இடத்தை விட ஒரு சுற்று முன்னால் முடித்தது. இழந்த சுற்று திரும்பக் கிடைப்பதற்கு வேகத்தோடு விதிகளும் கைகொடுக்கின்றன. 2023இல் லெ மானில் சேஃப்டி கார் நடைமுறை மாற்றப்பட்டது. தடத்தின் நீளம் காரணமாக முதலில் மூன்று சேஃப்டி கார்கள் வந்து, பின்னர் எல்லாக் கார்களும் ஒரே வரிசையாக்கப்பட்டன. அந்த வரிசையில் தன் பிரிவின் முதல் காருக்கு முன்னால் நிற்க நேர்ந்த கார்கள் சேஃப்டி காரை முந்திச் சென்று, ஒரு சுற்றை மீட்டுக்கொண்டு, வரிசையின் பின்பகுதியில் சேர்ந்துகொள்ள முடிந்தது. இது நியாயமா என்ற விவாதம் ரசிகர்களிடையே ஓயவில்லை. ஆனால் முடிவைப் படிப்பவர், 24 மணி நேர ஓட்டத்தில் இரண்டு சுற்று இழப்பு என்பது தோல்வி அல்ல என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் பெயர்களும் வெறும் பெயர்கள் அல்ல. இந்தப் பந்தயங்களில் ஓட்டுநர்கள் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கப்படுகிறார்கள். வெண்கலம் என்பது பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டு சொந்த ஆர்வத்தில் பந்தயம் ஓட்டுபவரைக் குறிக்கும். 2023இல் ஜிடிஇ ஆம் பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டியிருந்தது, குறிப்பிட்ட நேரம் ஓட்டியும் ஆக வேண்டியிருந்தது. 33ஆம் எண் கொர்வெட்டில் அந்த இடத்தில் இருந்தவர் டெக்சாஸில் கார் விற்பனை நடத்தும் பென் கீட்டிங். அவருடன் நிகோ வரோனே, நிக்கி காட்ஸ்பர்க் ஆகியோர். இப்பிரிவில் தொழில்முறை ஓட்டுநர்களின் வேகம் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தது. பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது வெண்கல ஓட்டுநர் தன் பங்கு நேரத்தில் எவ்வளவு குறைவாக இழந்தார் என்பதே.

39ஆம் வரியில் 285 சுற்றுகளுடன் இருக்கும் ஷெவர்லே கமாரோதான் முன்பு சொன்ன, பிரிவில்லாத கார். அமெரிக்காவின் நாஸ்கார் போட்டிகளில் ஓடும் வகையைச் சேர்ந்த அதை ஜிம்மி ஜான்சன், ஜென்சன் பட்டன், மைக் ராக்கன்ஃபெல்லர் ஆகிய மூவரும் ஓட்டினார்கள். கராஜ் 56 என்ற பெயரில், புதுமையான ஒரு காருக்கு அமைப்பாளர்கள் ஒதுக்கும் இடம் அது. அதற்குப் போட்டியாளரே இல்லாததால் 39 என்ற எண்ணுக்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் பார்வையாளர்களிடம் அதிகம் பேசப்பட்ட கார்களில் அதுவும் ஒன்று.

மெதுவான பிரிவு எப்போதும் கீழேதான் இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2017இல் உச்சப் பிரிவான எல்எம்பி1 கார்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறு ஏற்பட, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வேளையில் மொத்தப் பந்தயத்துக்கும் முன்னிலையில் ஓடியது ஜாக்கி சான் டிசி ரேஸிங் அணியின் 38ஆம் எண் எல்எம்பி2 கார். தொடக்கத்தில் பழுதுபார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோன ஒரு போர்ஷே, கடைசிக் கட்டத்தில் அதை எட்டிப்பிடித்து 367 சுற்றுகளுடன் வென்றது. எல்எம்பி2 கார் 366 சுற்றுகளுடன் ஒட்டுமொத்தத்தில் இரண்டாவது, தன் பிரிவில் முதலாவது. 1995இல் இதற்கும் ஒரு படி மேலே, சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார்களைப் பின்தள்ளி ஒட்டுமொத்த வெற்றியையே பெற்றது.

சுற்றுகளின் எண்ணிக்கையை ஒரே ஆண்டின் பட்டியலுக்குள் ஒப்பிடலாம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது ஆபத்தானது. வென்ற கார் 2023இல் ஓடியது 342 சுற்றுகள், 2024இல் 311, 2025இல் 387. மூன்று ஆண்டுகளும் வென்றது ஃபெராரி 499பியே. கார்கள் 2024இல் மெதுவாகி 2025இல் திடீரென வேகம் பெற்றன என்று முடிவு கட்டினால் அது தவறு. 2024 இரவில் பெய்த மழையால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக எல்லாக் கார்களும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்படி எல்லோரும் ஒன்றாகத் திரட்டப்பட்டதால்தான் அந்த ஆண்டு வென்ற காரையும் சேர்த்து ஒன்பது கார்கள் அதே 311 சுற்றுகளை முடித்தன. முதல் இரண்டுக்கும் இடையே இருந்தது 14 நொடி.

பட்டியலின் அடிப்பகுதிக்கு வந்தால், சில கார்களுக்கு இடமே தரப்படாமல் ‘வகைப்படுத்தப்படவில்லை’ என்றோ ‘விலகியது’ என்றோ இருக்கும். லெ மானில் இடம் பெறுவதற்குக் கார் கடைசியில் கொடியின் கீழ் கோட்டைக் கடந்திருக்க வேண்டும், வெற்றியாளர் ஓடிய தூரத்தில் 70 விழுக்காட்டையாவது முடித்திருக்க வேண்டும். 23 மணி நேரம் சிறப்பாக ஓடிவிட்டுக் கடைசி மணியில் நின்றுபோன கார் ‘விலகியது’ என்ற கூட்டத்தில் சேர்ந்துவிடும் என்பதால், அந்தக் கூட்டத்தைக் கண்ணால் தடவிவிட்டுப் போகாமல் அங்கேயும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில் வழக்கம் வேறு. அங்கே நின்றுபோன கார்களும் முடித்த சுற்றுகளின் கணக்கில் வரிசையில் இடம் பெறும்.

சிறந்த சுற்று நேரம் என்ற கட்டத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. அது ஒரு கணத்தின் வேகம் மட்டுமே. கார்களின் செயல்திறனைச் சமப்படுத்த அமைப்பாளர்கள் எடையையும் ஆற்றலையும் கூட்டிக் குறைப்பது பட்டியலில் எங்கும் தெரியாது. 2023 பந்தயத்துக்குச் சில நாள் முன்னர் டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் கூடுதல் எடை விதிக்கப்பட்டன என்பதை அறிந்தவர் அந்த 81 நொடியை வேறு கண்ணோடு பார்ப்பார்.

தூரமே அளவுகோல் என்ற விதி எவ்வளவு நுணுக்கமாகச் செயல்படும் என்பதற்கு 1966 நல்ல சான்று. முன்னால் ஓடிய தன் இரண்டு கார்களையும் ஃபோர்டு நிறுவனம் வேண்டுமென்றே ஒன்றாகக் கோட்டைக் கடக்கச் செய்தது. இரண்டும் முடித்தது 360 சுற்றுகள். ஆனால் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் தொடக்க வரிசையில் சில மீட்டர் பின்னால் நின்று புறப்பட்டிருந்ததால், அது அந்தச் சில மீட்டர் கூடுதலாக ஓடியதாகக் கணக்கிடப்பட்டு வெற்றி அதற்கே தரப்பட்டது. கென் மைல்ஸும் டென்னி ஹல்மும் இரண்டாம் இடம் பெற்றார்கள்.

கடைசியாக, தாளின் மேலே ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா, ‘இறுதி’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பந்தயம் முடிந்த பிறகு கார்கள் பிரித்துச் சோதிக்கப்படுகின்றன. 2017இல் மூன்றாவதாக வந்த ரெபெல்லியன் அணியின் 13ஆம் எண் கார், ஸ்டார்ட்டர் மோட்டாரை எட்டுவதற்காக உடற்பகுதியில் துளை போட்டது கண்டறியப்பட்டுத் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. 2025இல் நான்காவதாக வந்த 50ஆம் எண் ஃபெராரி, பின்புற இறக்கையின் தாங்கியில் இருக்க வேண்டிய சில போல்ட்டுகள் இல்லாததால் சோதனையில் தேறாமல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குப் பின்னால் வந்த கார்கள் ஒவ்வோர் இடம் மேலே ஏறின. கொடி விழுந்த அன்று மாலையே பகிரப்படும் பட்டியலில் இத்தகைய திருத்தங்கள் இருக்காது என்பதால், ஒரு காரின் இடத்தை எங்கேனும் எடுத்து எழுதுபவர்கள் ‘இறுதி’ என்று குறிக்கப்பட்ட தாளையே எடுத்துக்கொள்ள வேண்டும்.